டிரான்ஸாக்‌ஷன் போட்டும் பில் ஏன் பாதியில் நிற்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியும். மருந்து மொத்த வியாபாரம் ஒன்றுக்கு ஸ்பிரிங் பூட் (ஜாவா நிரல்களுக்கான சட்டகம்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) வைத்து பில்லிங் மென்பொருள் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பில் போட்டால் பில், பில் ஐட்டங்கள், பேட்ச் வாரியான இருப்பு, பார்ட்டி லெட்ஜர் என்று நாலு டேபிளில் மாற்றம் வரும். சர்வீஸ் கிளாஸ்கள் எல்லாவற்றின் தலையிலும் @டிரான்ஸாக்‌ஷனல் போட்டாகிவிட்டது. பல மாற்றங்களை, நடந்தால் எல்லாம் நடக்க வேண்டும், இல்லையென்றால் எதுவும் நடக்கக் கூடாது என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் டிரான்ஸாக்‌ஷன்; அந்த அனோட்டேஷன் (கோடின் தலையில் போடும் குறிப்பு) அதைத் திறந்து மூடச் சொல்கிறது. ஆனாலும் மூன்று தொல்லை. சில பில்கள் இருக்கின்றன, இருப்பு குறையவில்லை. சில பேட்ச்களில் இருப்பு மைனஸில் போகிறது. மாலை நேரத்தில் தரவுத்தளத்துக்குக் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்று ஆப் நின்றுவிடுகிறது. “டிரான்ஸாக்‌ஷன் வேலை செய்யவில்லையா?” என்பது உங்கள் கேள்வி.

டிரான்ஸாக்‌ஷன் வேலை செய்கிறது. அது எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று உங்கள் மென்பொருளில் யாரும் முடிவு செய்யவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பதினைந்து வருடமாக இதே மாதிரி இருப்பு, கணக்கு மென்பொருள்களில்தான் என் பிழைப்பு. நீங்கள் சொன்ன மூன்றையும் நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், மூன்றும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பும். நீங்கள் எழுதிய நிரலை (கோடு) நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதல் தொல்லையில் ஒன்று உறுதி. போஸ்ட்கிரெஸ் ஒரு டிரான்ஸாக்‌ஷனைப் பாதி எழுதி பாதி விடாது. இடையில் ஒரு க்வெரி (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளை) பிழையானால் அந்த டிரான்ஸாக்‌ஷன் முழுவதும் செத்துப்போகும். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ரோல்பேக் செய் (எழுதியதைத் திரும்ப எடு) என்றுதான் பதில் வரும். ஆகவே பில் இருக்கிறது, இருப்பு குறையவில்லை என்றால் இரண்டே வழிதான். இரண்டும் வெவ்வேறு டிரான்ஸாக்‌ஷனில் ஓடியிருக்க வேண்டும். இல்லையென்றால் இருப்புக் குறைப்பு ஓடுவதற்கு முன்பே உங்கள் ஜாவா கோடில் ஏதோ நடந்து, அதுவரை எழுதியது கமிட் ஆகியிருக்க (நிரந்தரமாகப் பதிவாகியிருக்க) வேண்டும்.

எது என்று ஊகிக்கத் தேவையில்லை, டேபிளிடமே கேட்கலாம். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு ரோவிலும் எக்ஸ்மின் என்று மறைவான ஒரு நெடுவரிசை (column) உண்டு. செலக்ட் ஸ்டார் போட்டால் வராது, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த ரோவை எழுதிய டிரான்ஸாக்‌ஷனின் எண் அதில் இருக்கும். ஒரு சோதனை பில் போடுங்கள். பில் ரோ, ஐட்டம் ரோக்கள், லெட்ஜர் ரோ, இருப்பு ரோ எல்லாவற்றின் எக்ஸ்மின்னையும் எடுத்துப் பாருங்கள். ஒரே எண் வந்தால் எல்லாம் ஒரே டிரான்ஸாக்‌ஷன். பில்லில் 81204, இருப்பில் 81205 என்று வந்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. கவனிக்க வேண்டியது ஒன்று: ரோவை யாராவது பிறகு மாற்றினால் எண்ணும் மாறிவிடும். அதனால் பில் போட்ட கையோடு பார்க்க வேண்டும்.

எண்கள் வேறாக வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கன்ட்ரோலரை, அதாவது திரையிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி சர்வீஸ்களுக்கு அனுப்பும் பகுதியை. கன்ட்ரோலர் முதலில் பில் சர்வீஸைக் கூப்பிடுகிறது, அப்புறம் இருப்பு சர்வீஸை, அப்புறம் லெட்ஜர் சர்வீஸை. மூன்றின் தலையிலும் அனோட்டேஷன் இருக்கிறது, ஆனால் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஒன்று மேலே இல்லை. அதனால் மூன்று தனித்தனி கமிட். எல்லா இடத்திலும் போட்டாயிற்று என்ற நிம்மதியே இதைக் கண்ணில் படாமல் மறைத்துவிடும். “பில் போடு” என்ற முழு வேலைக்கும் ஒரே ஒரு மெத்தட் எழுதி, அதன் தலையில் அனோட்டேஷனைப் போட்டு, உள்ளே மற்ற மூன்றையும் கூப்பிடுங்கள். உள்ளே இருப்பவை இயல்பாகவே வெளியே ஓடும் டிரான்ஸாக்‌ஷனில் சேர்ந்துகொள்ளும்.

அடுத்த சந்தேகம், ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிடுவது. ஸ்பிரிங் உங்கள் கிளாஸைச் சுற்றி ஒரு ப்ராக்ஸியை (இடையில் நிற்கும் உறை) வைக்கிறது. டிரான்ஸாக்‌ஷனைத் திறப்பதும் மூடுவதும் அந்த ப்ராக்ஸிதான். வெளியிலிருந்து வரும் அழைப்பு அதன் வழியாக வரும். உள்ளுக்குள்ளேயே கூப்பிடும்போது ப்ராக்ஸியைத் தொடாமல் நேராகப் போய்விடும், அனோட்டேஷனை யாரும் படிக்கவே மாட்டார்கள். வேறு த்ரெட்டுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு ஓட்டத்துக்கு) வேலையை அனுப்பினாலும் இப்படித்தான். டிரான்ஸாக்‌ஷன் த்ரெட்டோடு கட்டப்பட்டது, அடுத்த த்ரெட்டுக்குக் கூடவே போகாது.

எண்கள் ஒன்றாகவே வந்தும் சில பில்களில் மட்டும் தொல்லை என்றால் எக்ஸெப்ஷனை (நிரல் எறியும் பிழையை) பாருங்கள். எனக்கு அதிகம் சந்தேகம் இதில்தான், ஏனென்றால் “சில பில்களில் மட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். ரன்டைம் எக்ஸெப்ஷனும் எர்ரரும் வந்தால்தான் ஸ்பிரிங் தானாக ரோல்பேக் செய்யும். செக்டு எக்ஸெப்ஷன் (கையாள்வதாக முன்பே எழுதியாக வேண்டும் என்று ஜாவா கேட்கும் வகை) வந்தால் கமிட் செய்துவிடும். பழைய ஈஜேபி (ஜாவாவில் நிறுவன மென்பொருள் எழுதும் முந்தைய முறை) காலத்து வழக்கத்தை ஒட்டி வந்த இயல்பு இது. “இருப்பு போதவில்லை” என்பதற்கு நீங்களே ஒரு எக்ஸெப்ஷன் கிளாஸ் எழுதி, அதை வெறும் எக்ஸெப்ஷனிலிருந்து நீட்டித்திருந்தால் கதை இப்படிப் போகும்: பில் எழுதியாகிவிட்டது, இருப்பு போதவில்லை என்று எக்ஸெப்ஷன் கிளம்பியது, ஆபரேட்டர் திரையில் சிவப்பாகப் பிழை தெரிந்தது, பின்னால் பில் கமிட் ஆகிவிட்டது. ஆபரேட்டர் அளவைக் குறைத்து மறுபடி பில் போடுவார். இப்போது இரண்டு பில், ஒரே ஒரு இருப்புக் குறைப்பு. தீர்வு எளிது: அந்த கிளாஸை ரன்டைம் எக்ஸெப்ஷனிலிருந்து நீட்டியுங்கள், அல்லது ரோல்பேக்ஃபார் என்று குறிப்பிடுங்கள். ஸ்பிரிங் 6.2 முதல் எல்லா எக்ஸெப்ஷனுக்கும் ரோல்பேக் என்று ஒரே இடத்தில் சொல்லவும் வசதி வந்திருக்கிறது. கேட்ச் செய்து, லாக் எழுதிவிட்டு, பேசாமல் அடுத்த வரிக்குப் போகும் கோடும் இதே விளைவைத் தரும். அதையும் தேடுங்கள்.

சரி, மைனஸ் இருப்புக்கு வருவோம். மைனஸ் போகிறது என்று நீங்கள் சொன்னதிலிருந்தே ஒன்று தெரிகிறது. முதலில் இருப்பைப் படித்து, போதுமா என்று இஃப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு “அளவு = அளவு - 8” என்று அப்டேட் செய்கிறீர்கள். இருப்பு 10 இருக்கும்போது இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் எட்டெட்டு கேட்டால் இரண்டு பேரும் 10 என்று படிப்பார்கள், இரண்டு பேருக்கும் இஃப் பாஸாகும், கடைசியில் -6. என்டிட்டியில் (டேபிள் ரோவுக்கு இணையான ஜாவா பொருளில்) இருப்பை 2 என்று செட் செய்து சேமிக்கிறவர்களுக்கு மைனஸ் வராது. ஆனால் அது இதைவிட மோசம். பதினாறு விற்ற பிறகும் இருப்பு 2 என்று சாதுவாக நிற்கும், ஸ்டாக் எடுக்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

டிரான்ஸாக்‌ஷன் இருந்தும் ஏன் இப்படி? போஸ்ட்கிரெஸின் இயல்பான தனிமை நிலை (ஒரே நேரத்தில் ஓடுகிறவை ஒன்றின் மாற்றத்தை மற்றது எவ்வளவு பார்க்கலாம் என்ற விதி) ரீட் கமிட்டட். மற்றவர் கமிட் செய்யாததை நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதற்கு மட்டும்தான் அது உறுதி தரும். நீங்கள் படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் வேறு யாரும் மாற்ற மாட்டார்கள் என்று அது சொல்லவே இல்லை. இந்த வேலைக்கு எனக்குப் பிடித்த மருந்து மிகச் சின்னது: சோதனையை அப்டேட்டுக்குள்ளேயே வையுங்கள். “அளவு = அளவு - 8, எங்கே பேட்ச் இது, அளவு 8 அல்லது அதற்கு மேல்” என்று ஒரே க்வெரி. இரண்டாவது ஆள் முதல் ஆளின் கமிட்டுக்காகக் காத்திருப்பார், அப்புறம் போஸ்ட்கிரெஸ் புதிய அளவை வைத்து அந்த நிபந்தனையை மறுபடி சோதிக்கும். எத்தனை ரோ மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் இருப்பு போதவில்லை, எக்ஸெப்ஷனை எறியுங்கள். கூடவே டேபிளில் அளவு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டுவிடுங்கள். நாளைக்கு வேறொருவர் எழுதும் கோடையும் அது தடுக்கும்.

காலாவதி தேதி பார்த்து எந்த பேட்ச்சிலிருந்து எவ்வளவு எடுப்பது என்று கணக்குப் போட வேண்டியிருந்தால் ஒரே க்வெரியில் முடியாது. அப்போது செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு ரோக்களைப் பூட்டிவிட்டுக் கணக்குப் போடுங்கள். பூட்டுவதற்கு முன் பேட்ச் ஐடி வரிசையில் அடுக்கிக்கொள்வது முக்கியம். ஒரு பில்லில் பாராசிட்டமால் முதலில், அசித்ரோமைசின் அடுத்து; இன்னொரு பில்லில் தலைகீழ். வந்த வரிசையிலேயே பூட்டினால் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்காக நிற்பார்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஒரு விநாடி பார்த்துவிட்டு, டெட்லாக் என்று ஒருவரைத் தள்ளிவிடும். எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டினால் இந்தச் சிக்கல் வராது.

தனிமை நிலையை ஒரு படி ஏற்றினால் தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். ரிப்பீட்டபிள் ரீட் வைத்தால் போஸ்ட்கிரெஸில் இரண்டாவது ஆளுக்கு 40001 என்ற பிழை வரும், அவருடைய டிரான்ஸாக்‌ஷனை முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். அந்த மறுஓட்டம் ப்ராக்ஸிக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் செத்த டிரான்ஸாக்‌ஷனில்தான் ஓடும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் இன்னோடிபி என்ற சேமிப்புப் பொறியில் ரிப்பீட்டபிள் ரீட்தான் இயல்பு நிலை, ஆனால் அங்கே இந்த மோதலுக்குப் பிழை வராது, பேசாமல் மேலெழுதிவிடும். பெயர் ஒன்று, நடத்தை வேறு. 1992 எஸ்க்யூஎல் தரத்தில் எழுதிய நிலைகளின் விளக்கம் தெளிவில்லை என்று தரவுத்தள ஆய்வாளர் ஜிம் கிரே உள்ளிட்டோர் 1995லேயே ஒரு கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அதனால் எந்தத் தரவுத்தளம் என்று சொல்லாமல் யாராவது தனிமை நிலையைப் பற்றி அறிவுரை சொன்னால் ஏற்காதீர்கள். எல்லாவற்றையும் சீரியலைசபிள் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற விளைவு தரும் உச்ச நிலை) ஆக்கிவிடலாம் என்பவர்களும் உண்டு. போஸ்ட்கிரெஸ் 9.1 முதல் அது உண்மையான சீரியலைசபிள்தான், நல்ல வேலைப்பாடு. உங்கள் அளவு வியாபாரத்துக்கு அது சரியா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. மறுஓட்டத்தை ஒழுங்காக எழுதும் பழக்கம் குழுவில் வரும்வரை வேண்டாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது தொல்லை, மாலையில் கனெக்‌ஷன் கிடைக்காதது. இ-இன்வாய்ஸ் அழைப்பும் (பில்லை அரசின் போர்ட்டலில் பதிவது) அதே சர்வீஸில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். என் ஊகம் அதன் மேல்தான். ஹிக்காரி பூலில் (கனெக்‌ஷன்களைச் சேர்த்து வைத்துத் தரும் பகுதியில்) இயல்பாகப் பத்து கனெக்‌ஷன். பில் போடும் டிரான்ஸாக்‌ஷன் 50 மில்லி விநாடியில் முடிந்தால் அந்தப் பத்தை வைத்து விநாடிக்கு 200 பில் போடலாம். அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் போர்ட்டலைக் கூப்பிட்டு, பதில் வர 5 விநாடி ஆனால், விநாடிக்கு 2 பில்தான். தரவுத்தளம் சும்மா இருக்கும், கனெக்‌ஷன்கள் மட்டும் பிடிபட்டிருக்கும். பில்லோடு பூட்டிய பேட்ச்களும் அந்த 5 விநாடி பூட்டியே கிடக்கும். போஸ்ட்கிரெஸில் யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பாருங்கள், “ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்” (திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பது) என்று வரிசையாக நின்றால் இதுதான் காரணம்.

இதன் இன்னொரு வடிவத்தை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பில் தோற்றாலும் தணிக்கைப் பதிவு நிற்க வேண்டும் என்று அதை ரிக்வயர்ஸ் நியூ என்று தனி டிரான்ஸாக்‌ஷனில் வைத்திருந்தோம். மாதக் கடைசி நாள், மாலை ஆறு மணி. பத்துப் பதினைந்து பேர் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எல்லாத் திரையும் உறைந்தது. சர்வரில் சிபியு ஏறவில்லை, நெட்வொர்க்கும் சரி. பத்து கனெக்‌ஷனும் சும்மா நின்றன. சரியாக 30 விநாடி கழித்து ஒருவருக்குப் பிழை வந்தது, உடனே மற்றவர்கள் கடகடவென்று நகர்ந்தார்கள். அப்புறம் மறுபடி உறைந்தது. ரிக்வயர்ஸ் நியூ என்பது பழைய கனெக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்பது. பத்து பேர் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு பதினொன்றாவதற்காக நின்றிருக்கிறார்கள். 30 விநாடி என்பது ஹிக்காரி இயல்பாகக் காத்திருக்கும் நேரம். ஒருவர் தோற்று, அவர் கனெக்‌ஷன் விடுபட்டால்தான் அடுத்தவர் பிழைப்பார். அன்றைக்குப் பூலை இருபதாக்கி சமாளித்தோம். அடுத்த மாதம் ஆட்கள் கூடியதும் அதே கதை. தணிக்கைப் பதிவை வெளி டிரான்ஸாக்‌ஷன் முடிந்த பிறகு எழுதும்படி மாற்றியதும்தான் அது நின்றது.

இ-இன்வாய்ஸை எப்படிப் பிரிப்பது? போர்ட்டல் உங்கள் டிரான்ஸாக்‌ஷனில் ஒருபோதும் சேராது. நீங்கள் ரோல்பேக் செய்தால் அங்கே உருவான ஐஆர்என் (போர்ட்டல் தரும் பில் பதிவு எண்) அழியாது. டிரான்ஸாக்‌ஷனுக்குள் கூப்பிட்டு, ஐஆர்என் வந்த பிறகு உங்கள் கமிட் தோற்றால், அரசிடம் பில் இருக்கும், உங்களிடம் இருக்காது. அதனால் பில்லை எழுதும் அதே டிரான்ஸாக்‌ஷனில் “அனுப்ப வேண்டியவை” என்ற டேபிளில் ஒரு ரோ சேர்த்துவிட்டு கமிட் செய்யுங்கள். பின்னால் ஓடும் ஒரு வேலை அந்த ரோவை எடுத்து, “அனுப்புகிறேன்” என்று குறித்து கமிட் செய்து, எந்த டிரான்ஸாக்‌ஷனும் திறந்திராத நிலையில் போர்ட்டலைக் கூப்பிட்டு, பதிலை இன்னொரு சின்ன டிரான்ஸாக்‌ஷனில் எழுதட்டும். பல வேலைகள் ஓடினால் ஸ்கிப் லாக்டு போட்டு எடுங்கள், ஒருவர் எடுத்ததை மற்றவர் எடுக்க மாட்டார். நடுவில் சர்வர் விழுந்தால் மறுபடி அனுப்பலாம், பயமில்லை. ஐஆர்என் என்பது விற்பவரின் ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இவற்றிலிருந்து பிறப்பது. அதே பில் மறுபடி போனால் நகல் என்று போர்ட்டல் மறுத்துவிடும். முன்பு உருவான எண்ணைக் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது. ரத்து செய்ய 24 மணி நேரம் உண்டு. ஒன்றைச் செய்துவிட்டு, தேவைப்பட்டால் எதிர்வேலை செய்து ஈடுகட்டுவது என்ற இந்த முறையை ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987ல் சாகா என்று பெயரிட்டு எழுதினார்கள்.

இதில் ஒரு முடிவு உங்களுடையது இல்லை, கணக்குப் பிரிவுடையது. இ-இன்வாய்ஸ் கட்டாயமான நிறுவனத்துக்கு ஐஆர்என் இல்லாத பில் செல்லாது. ஆகவே ஐஆர்என் வரும்வரை பில் “நிலுவை” என்று நிற்க வேண்டும், அச்சாகக் கூடாது, சரக்கு கிளம்பக் கூடாது. இருப்பை மட்டும் அப்போதே குறைத்துவிடலாமா? அதை அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். எது எதோடு சேர்ந்து நிற்க வேண்டும், எது பிறகு வரலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும், நீங்கள் அதைக் கோடாக எழுதப்போகிறீர்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. ஸ்பிரிங் பூட்டில் ஓபன்-இன்-வியூ என்ற அமைப்பு (ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தயாராகும்வரை தரவுத்தள அமர்வைத் திறந்தே வைப்பது) இயல்பாகவே இயங்கும். அது இருக்கும்வரை, டிரான்ஸாக்‌ஷன் முடிந்தாலும் அந்த ரிக்வெஸ்ட் முடியும்வரை கனெக்‌ஷன் பிடிபட்டே இருக்கும். போர்ட்டல் அழைப்பை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே கொண்டுவந்தும் ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புவது இதனால்தான். அதை அணைத்துவிடுங்கள். லேஸி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் டேட்டாவை எடுப்பது) பிழைகள் சில தலைகாட்டும், அவற்றைச் சரிசெய்வது நல்லதுதான்.

பில் எண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் வந்து நிற்பீர்கள். போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் (எண்களை வரிசையாகத் தரும் வசதி) ரோல்பேக் ஆகாது. தோற்ற ஒவ்வொரு பில்லும் ஒரு எண்ணை விழுங்கும், ஆடிட்டர் 1043 எங்கே என்று கேட்பார். தொடர் எண் வேண்டுமென்றால் எண்ணுக்கென்று ஒரு ரோ வைத்து, அதே டிரான்ஸாக்‌ஷனில் அதை ஒன்று கூட்டுங்கள். அந்த ரோ எல்லா பில்லுக்கும் பொது என்பதால் எல்லோரும் அங்கே வரிசையில் நிற்பார்கள். ஆகவே அதை மெத்தடின் கடைசியில், கமிட்டுக்குச் சற்று முன் செய்யுங்கள்.

டெஸ்ட் எழுதும்போது டெஸ்ட் மெத்தட் மேல் @டிரான்ஸாக்‌ஷனல் போடாதீர்கள். அது கடைசியில் ரோல்பேக் செய்துவிடும், கமிட் ஒருபோதும் நடக்காது, இங்கே பேசிய எந்தக் கோளாறும் பிடிபடாது. உண்மையான போஸ்ட்கிரெஸ் மேல், இரண்டு த்ரெட் ஒரே பேட்ச்சைக் கேட்கும்படி ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.

கோடைச் சரிசெய்தாலும் ஏற்கனவே கெட்ட டேட்டா அப்படியே இருக்கும். ஐட்டம் இருந்தும் இருப்பு நகர்வு இல்லாத பில்களைப் பட்டியலிட ஒரு க்வெரி எழுதுங்கள். வந்ததை இருப்பு டேபிளில் நேராகத் திருத்தாதீர்கள். குடோனில் அந்த பேட்ச்களை எண்ணச் சொல்லி, சரிக்கட்டும் பதிவாகப் போடுங்கள், யார் எப்போது ஏன் என்று நிற்கட்டும். அதே க்வெரியை இரண்டு வாரம் தினமும் இரவு ஓட்டுங்கள். புதிதாக ஒரு ரோ வந்தாலும் அந்த பில்லின் நேரத்தை வைத்து லாகை எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.